இருமிய இடம்

“பாட்டுல அந்த இடத்துல நிறுத்தாதேன்னு இவன்கிட்ட எப்படிச் சொல்றது?” என்றது சாக்ஸபோன், வாசிப்பவன் கழுத்தில் தொங்கியபடி.

“ஏண்ணே? கைதட்டே அந்த இடத்துக்குத்தானே” என்றது பக்கத்து டிரம்பெட்.

“இந்த ப்ளூஸ் மெட்டைப் போட்டவர் என்னை வச்சுத்தான் ரெக்கார்டு பண்ணினார். நடுவுல இருமல் வந்து ரெண்டு ஸ்வரம் விட்டுப்போச்சு. திரும்ப வாசிக்க அவர் பிழைக்கலை.”

“அட, இருமலையா இத்தனை வருஷமா வாசிக்கிறோம்?”

அந்த இடம் வந்தது. வாசிப்பவன் நிறுத்தினான். விட்டுப்போன இரண்டு ஸ்வரங்களையும் சாக்ஸபோன் தானே ஒலித்தது.

“தப்பு! பாட்டே தெரியலையே உனக்கு!” என்று கூட்டம் கத்தியது.

அடுத்த சுற்றில் அந்த இடத்தில் சாக்ஸபோன் பேசாமல் இருந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதன் வாயிலிருந்து ஒரு சொட்டு நீர் தரையில் விழுந்தது. வாசித்தவன் அதை ஷூவால் தேய்த்தான்.