சீல் வைத்த செடி

கோவிந்தம்மாள் கொல்லையில் கஞ்சா வளர்க்கிறாள் என்று போலீசுக்குப் புகார் போயிருந்தது. புகார் பொய்யில்லை.

சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. கள்ளுக்கடை, சாராயக்கடையோடு கஞ்சாக் கடைக்கும் பூட்டுப் போட்டாயிற்று. கடத்தூருக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சிற்றூரில் சப் இன்ஸ்பெக்டர் சவுரியப்பன் சைக்கிளை விட்டு இறங்கியதும், வேடிக்கை பார்க்க ஊரே திரண்டுவிட்டது. பின்னாலேயே கான்ஸ்டபிள் தர்மன் இரைக்க இரைக்க வந்து சேர்ந்தான்.

"வீட்டிலே யார் யாரு?"

"நானும் என் வூட்டுக்காரருந்தாங்க. அவரு படுத்த படுக்கை. வயித்துல கட்டி. ஆஸ்பத்திரியில கைவிரிச்சுட்டாங்க."

உள்ளே மாரியப்பன் முனகுவது கேட்டது.

"கஞ்சா வளர்க்கிறியாமே?"

கோவிந்தம்மாள் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை.

"போன வருசம் வரைக்கும் சர்க்கார் லைசென்சு கடையிலதானுங்க வாங்கினேன். துளி எலையப் பால்ல காச்சிக் குடுத்தா, கொஞ்ச நேரம் கத்தாம தூங்குவாரு. அப்ப மருந்தா இருந்தது, கடையச் சாத்தினதும் விஷமாயிடுங்களா?"

"கண்டவனும் இழுத்துட்டுப் பெண்டாட்டியை அடிக்கிறான். அதுக்குத்தான் சட்டம்."

"அடிக்கிறவனப் புடிங்க. இவரால எந்திரிச்சு ஒக்காரவே முடியல."

பக்கத்து வீட்டு ராமக்காளுக்கு வாய் சும்மா இருக்காது. "கடை வேண்டாமுங்க, தொலையட்டும். டாக்டர் சீட்டுக் குடுத்தவங்களுக்கு மட்டும் சர்க்காரே அளந்து குடுத்தா, இந்த ஒளிவுமறைவு எதுக்குங்க?"

"சட்டத்தை உங்க வாசல்லே நின்னு நான் திருத்த முடியாது. தள்ளுங்க."

சவுரியப்பன் விறுவிறுவென்று கொல்லைக்குப் போனார். கூட்டமும் போயிற்று.

வேலியோரம் புளிச்சைக்கீரை வரிசையாக நின்றது. எருக்குழிப் பக்கம், ஆமணக்குச் செடிகளுக்கு நடுவே, ஆள் உயரத்துக்கு ஒற்றைக் கஞ்சாச் செடி. புளிச்சைக்கும் கஞ்சாவுக்கும் விரித்த கைவிரல் மாதிரிதான் இலை. அந்த ஊரில் தவழுகிற குழந்தைக்கும் எது எதுவென்று தெரியும். போன மாதம் மாற்றலாகி வந்த அதிகாரிக்குத் தெரியுமா?

கோவிந்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளை ஜெயிலுக்குக் கொண்டுபோனால், உள்ளே கிடக்கிறவனுக்கு வாயில் தண்ணீர் ஊற்றக்கூட ஆளில்லை.

சவுரியப்பன் நேராக எருக்குழிப் பக்கம் போனார். தொப்பியைக் கழற்றினார். கஞ்சாச் செடியின் கிளையிலேயே மாட்டிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு வேலியோரம் கையைக் காட்டினார்.

"ம், பிடுங்கு எல்லாத்தையும்."

தர்மன் தயங்கினான். "சார், இது வந்து..."

"உன்னைக் கேட்டேனா?"

"இல்லைங்க சார்."

"அப்போ பிடுங்கு."

தர்மன் குனிந்து பிடுங்க ஆரம்பித்தான். கூட்டத்தில் எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த காட்டுக்காரன் மாதுவுக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. வரப்புத் தகராறில் அவனுக்கும் கோவிந்தம்மாளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"சார், அந்த எருக்குழிப் பக்கமும் ஒரு தரம் பாத்துட்டா..."

சவுரியப்பன் திரும்பினார். "அங்கே என்ன இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்? புகார் கொடுத்தது நீதானா?"

ஊர் மொத்தமும் மாதுவைப் பார்த்தது.

"அய்யோ, நான் எருவச் சொன்னேனுங்க. நல்ல எரு."

"எருவை நீயே பார்த்துக்க. இங்கே வந்து சாட்சிக் கையெழுத்துப் போடு. கொல்லை முழுக்கத் தேடியாச்சு, வேற செடி எதுவும் இல்லேன்னு."

மாது போட்டான். வேறென்ன செய்வான்?

புளிச்சையைக் கட்டி, அரக்கு உருக்கிச் சீல் வைத்து, சைக்கிளில் ஏற்றினார்கள். சவுரியப்பன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினார். தெருமுனை தாண்டும்வரைகூட ஊரால் பொறுக்க முடியவில்லை.

"இங்கிலீசு படிச்ச அதிகாரியாமே" என்றாள் ராமக்காள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாளைக்கு முருங்கைக்கீரைக்கு வாரண்டு வரும், பாருங்கடி."

கோவிந்தம்மாள் சிரிக்கவில்லை. பால் காய்ச்ச உள்ளே போய்விட்டாள்.

தர்மபுரியில் பெரிய இன்ஸ்பெக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"என்னய்யா இது? கீரைக்கா சீல் வெச்சுக் கொண்டுவந்தே? பிரமோஷனுக்கு உன் பேரை எழுதலாம்னு இருந்தேனே, என் புத்தியைச் சொல்லணும்."

"தெரியாமப் போச்சு சார்."

"பொய்ப் புகார்னு எழுதி மூடு. இனிமே அந்த வீட்டுப் பக்கம் நம்ம ஆள் ஒருத்தனும் போகக் கூடாது. மானம் போகுது. இந்தக் கருமத்தையும் எடுத்துட்டுப் போ."

சவுரியப்பன் வீட்டுக்கு வருவதற்குள் சேதி அவருக்கு முன்னால் வந்திருந்தது. தர்மனின் மனைவி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சாலம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"பிரமோஷனும் போச்சாமே? கீரைக்கும் கஞ்சாவுக்கும் வித்தியாசம் தெரியாத மனுசன்னு எங்கப்பாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, என்னைக் கட்டிக்கொடுத்திருப்பாரா? நாளைக்குக் கோயில்லே பக்கத்திலே உட்கார்றவ முகத்தை நான் எப்படிப் பார்க்கிறது?"

"முகத்தை அப்புறம் பார்க்கலாம். வாடறதுக்குள்ளே இதைக் கடைஞ்சிடு. களிக்கு நல்லா இருக்கும்" என்று கட்டை அவள் முன்னால் வைத்தார் சவுரியப்பன்.

அவள் முணுமுணுத்துக்கொண்டே முறத்தை இழுத்துப் போட்டு, ஒரு தண்டை வெடுக்கென்று பிடித்தாள்.

"மெல்ல, மெல்ல. தண்டிலே முள் இருக்கும், குத்திடப் போகுது" என்றார் அவர். "கஞ்சாவுக்குத்தான் முள் கிடையாது."