மூலை நாற்காலி

ஊருக்கு ஊர் கிளை வைத்திருந்த காபிக் கடை ஒன்றின் பில் மெஷின், தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பியது: "மூலை நாற்காலியில் தினமும் ஒரே ஆள். ஒரு காபி, மூன்று மணி நேரம். நஷ்டம்."

மறுநாளே நாற்காலியைத் தூக்கி ஸ்டோர் ரூமில் போட்டார்கள். அந்த ஆளும் வருவதை நிறுத்திவிட்டார்.

ஒரே மாதத்தில் கடை காற்று வாங்கியது. "ஏன்தான் யாருமே வரமாட்டேங்கிறாங்க?" என்று பில் மெஷின் புலம்பியது.

"அந்த ஆள் சிங்காரம், கல்யாணத் தரகர்ப்பா," என்றது ஸ்டோர் ரூமிலிருந்து நாற்காலி. "பக்கத்து மேஜைகள்ல பெண் வீடும் பிள்ளை வீடும் உட்கார்ந்து குடிச்சாங்களே, அத்தனை பேரும் அவர் கூட்டிவந்தவங்க."

"அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ கேட்கவே இல்லையே."

பில் மெஷின் சிங்காரத்திடம் மன்னிப்புக் கேட்க நினைத்து ஒரு சீட்டை நீட்டியது. அதில் வழக்கம்போல, 'நன்றி, மீண்டும் வருக' என்றுதான் விழுந்தது.