வடிகட்டி

காலை ஏழரைக்கு அவன் ஆஸ்பத்திரி அறைக்குள் வந்தபோது இடது மணிக்கட்டில் சிவப்பு ரப்பர் பேண்டு ஒன்று மாட்டியிருந்தது. சின்னப் பெண்கள் தலைமுடிக்குப் போடுவது. ஓரத்தில் பிளாஸ்டிக் பட்டாம்பூச்சி, ஒற்றை இறக்கையோடு.

"என்ன தம்பி, வீட்ல ஜடை போடற வேலை இன்னும் உங்களுக்குத்தானா?" என்றாள் மெஷினைக் கவனிக்கும் அக்கா.

"ஆமாக்கா."

"கோணல் மாணலாத்தான் இருக்கும். பாவம் புள்ள."

அவன் சிரித்துவைத்தான்.

கட்டிலில் மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கழுத்தில் செருகிய குழாய் இரண்டாகப் பிரிந்தது. ஒன்றில் ரத்தம் மெஷினுக்குப் போகும், மற்றதில் திரும்பி வரும். அவள் ரத்தமே அவள் மூளையைப் பகையாக நினைத்துத் தாக்குகிறது, ஐந்து முறை வடிகட்டினால் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மழை விட்டதும் மறதி தொடங்கியது. முதலில் சாவி வைத்த இடம் மறந்தாள். பிறகு வீட்டுக்கு வரும் வழி. கடைசியில் அவனை.

முதல் முறை இதே கட்டிலில், "இந்த ஆள் ஏன் என்னையே முறைச்சுப் பாக்கறாரு? வெளிய போகச் சொல்லுங்க" என்றாள். அவன் வராந்தாவில் போய் நின்றுகொண்டான்.

மூன்றாவது முறை மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது சட்டென்று, "என்னங்க, ஷேவ் பண்ணலையா?" என்றாள். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் பார்வை மணிக்கட்டில் விழுந்தது. "பாப்பாவுக்கு நீங்களா தலை பின்னி விட்டீங்க?"

"ஆமா."

"எங்க அவ?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கா."

"கடவுளே, அந்தக் கோலத்தோடவா?" என்று அவள் சிரித்தாள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு. அந்தச் சிரிப்புக்காக அவன் எது வேண்டுமானாலும் சொல்லியிருப்பான்.

அடுத்த முறை, "என்னைத் தேடறாளா? அழறாளா?" என்று கேட்டாள்.

"அழறதே இல்ல. சமத்தா இருக்கா."

"கல்நெஞ்சக்காரி. அப்படியே உங்களை உரிச்சு வச்சிருக்கா."

இன்று ஐந்தாவது முறை. இதுதான் கடைசி.

அக்கா மெஷினை ஓட விட்டாள். ஒரு சாண் நீளக் குழலுக்குள் வெள்ளை நூல்கள் நெருக்கியடித்து நின்றன. நூல்கள் அல்ல, உள்ளே துளை உள்ள குழாய்கள், முடியளவு மெல்லியவை, ஆயிரக்கணக்கில். ரத்தம் ஏற ஏற வெள்ளை மறைந்தது. பக்கவாட்டில் மஞ்சள் நீர் கசிந்து இறங்கி, கீழே தொங்கிய பையில் சேர்ந்தது.

"அக்கா, இது கெட்டதை மட்டும் எடுக்குமா?"

"அதுக்கு நல்லது கெட்டது தெரியாது தம்பி. இந்தக் குழாய்ச் சுவர்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கு. ரத்த அணு பெருசு, உள்ளேயே நின்னுடும். மஞ்சத் தண்ணி மொத்தமும் வெளிய வந்துடும். விஷமும் அதுலதான், சத்தும் அதுலதான். போனதுக்குப் பதிலா நாம வேற ஏத்தறோம்."

"பாதியில நிறுத்தினா?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். "கரையேறப் போற நேரத்துல பேசற பேச்சா இது?"

"சும்மா கேட்டேன்."

"அதெல்லாம் விடுங்க. புள்ளையை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. பெத்தவ முகத்துல ஒரு தெளிவு வரும்."

"சின்னப் பசங்களை உள்ள விடமாட்டாங்களே."

"நான் எதுக்கு இருக்கேன்? வாசல்ல நிக்கறவர் என் பேச்சைத் தட்டமாட்டார்."

அவன் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். முக்கால் பங்கு நிறைந்திருந்தது.

மதியம் மெஷின் நின்றதும் டாக்டர் வந்தார். "இப்ப என்ன காலம்மா?"

"குளிர்காலம். மழை முடிஞ்சுடுச்சே."

போன முறை இதே கேள்விக்கு, வெயில் தாங்கவில்லை, ஃபேனைப் போடுங்கள் என்றவள்.

"வீட்டுக்கு எப்படிப் போவீங்க?"

"பாலம் தாண்டி, பேக்கரிகிட்ட திரும்பினா மாடி வீடு. கடைசிப் படி உடைஞ்சிருக்கும். இவரும் நாளைக்குச் சரி பண்றேன், நாளைக்குச் சரி பண்றேன்னு சொல்லிட்டே இருக்காரு."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். டாக்டர் அவன் தோளைத் தட்டினார். "உங்க மனைவியை முழுசாத் திருப்பிக் கொடுத்துட்டோம்."

"முழுசாவா டாக்டர்?"

"முழுசா."

அவன் கும்பிட்டான்.

டாக்டர் போனார். அக்கா குழலைக் கழற்றி, மஞ்சள் பையையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். அறையில் அவர்கள் இருவரும்தான்.

மனைவி அவனை வெகுநேரம் பார்த்தாள். இம்முறை சிரிக்கவில்லை. கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒற்றை இறக்கையின் மேல் அவள் விரல் போய் நின்றது.

அவன் கையை மெல்ல இழுத்துக்கொள்ளப் பார்த்தான். "ஸ்கூல் விடற நேரமாச்சு. நான் போய்..."

அவள் விடவில்லை.

"புதைக்கிறதுக்கு முன்னாடி, இதை அவ தலையிலேர்ந்து நீங்களா கழட்டுனீங்க?"