முனியராஜின் தட்டு

"ஏலே முனியராஜு! சோறு ஆறுது, வாலே!"

கீழேயிருந்து சொர்ணலட்சுமியம்மாள் குரல் கொடுத்ததும் மணிகண்டராஜ் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தான். முனியராஜ் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும், "இந்தா வாரேம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சென்னை சாஃப்ட்வேர் கம்பெனி சம்மதித்ததும், விருதுநகரில் கௌசிகா ஆற்றங்கரை ஓரமாக சொர்ணலட்சுமியம்மாள் வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தான். சொந்த ஊர் திருத்தங்கல்தான். அப்பா அம்மா போன பிறகு அண்ணன் வீட்டில் ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் சொல் கேட்டவன். அதிலிருந்து யார் வீட்டிலும் கை நனைக்கக் கூச்சம்.

ஒரு மேஜை, பிராட்பேண்ட் இணைப்பு, ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காட்டுக்குள் நூலாக ஓடும் ஆறு. பசித்தால் பிஸ்கட். அது போதும் என்றுதான் இருந்தான்.

முதல் தடவை அந்தப் பெயர் காதில் விழுந்தபோது அந்தம்மாள் வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்தான். எட்டிப் பார்த்தால், முற்றத்தில் நின்றபடி அவர் மாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீக்கடை நாகையாதான் விஷயத்தைச் சொன்னார். "அவுக மகன்யா அது. ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசு ஆபீஸ்ல மருந்து கலக்குற ரூம்ல இருந்தப்ப வெடிச்சிருச்சு. மொகத்தக்கூடக் காட்டல. துணியில சுத்திப் பொட்டலமாத்தான் குடுத்தாக. அந்தத் தாய்க்கு அது மனசுல ஏறுச்சோ ஏறலையோ, யாரு கண்டா?"

மறுநாள் மத்தியானம் அதே குரல் கூப்பிட்டது. நான் அவனில்லை என்று சொல்ல மணிகண்டராஜுக்கு வாய் வரவில்லை. இறங்கிப் போய் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

தட்டின் விளிம்பில் முனியராஜ் என்று பொறித்திருந்தது. எதிர்ச்சுவரின் ஆணியில் ஒரு கட்டம்போட்ட சட்டை. ஃபேன் காற்றில் அதன் ஒரு கை மட்டும் மெதுவாக அசைந்தது.

"இன்னைக்கு நெட்டு ஒழுங்கா வருதாலே?" என்று தினமும் கேட்டுக்கொண்டே குழம்பு ஊற்றுவார்.

"வருதும்மா."

"கண்ணு செவந்து கெடக்கே. நல்லாச் சாப்பிட்டு, செத்த நேரம் படுத்து எந்திரி."

மாதங்கள் ஓடின. ஒருநாள் கம்பெனி மேனேஜர் ஃபோனில் மணிகண்டராஜ், மணிகண்டராஜ் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அது தன் பெயர் என்று உறைக்கவே அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இன்னொரு சாயங்காலம் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தான். பின்னால் யாரோ, "முனியராஜு" என்றார்கள். சட்டென்று திரும்பினான். கருவேல மரங்கள் மட்டும்தான் நின்றன. தான் ஏன் திரும்பினோம் என்று யோசித்தபடியே வேகமாக வீட்டுக்கு நடந்தான்.

அந்த வாரமே கம்பெனி அவனைச் சென்னைக்கு வந்துவிடச் சொல்லிவிட்டது.

சொல்லாமல் போய்விடலாம். ஆனால் மறுநாளும் அவர் முற்றத்தில் வந்து நிற்பார். மாடியைப் பார்த்துக் கூப்பிடுவார். யாரும் இறங்கி வர மாட்டார்கள். ஒரே மகனை ஒரு தாய் இரண்டாம் தடவையும் பறிகொடுக்க வேண்டுமா? அதற்கு உண்மையைச் சொல்லிவிடுவதே மேல் என்று பட்டது.

மத்தியானம் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"என்னலே, கொளம்பு புடிக்கலையா?"

"அம்மா... நான் சென்னைக்குப் போறேன். இனி இங்கன இருக்க முடியாது." தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். "இன்னொண்ணும் சொல்லணும். நான் முனியராஜ் இல்லம்மா. மாடியில குடியிருக்கவன். முனியராஜண்ணன்... அவரு இனி வர மாட்டாரும்மா."

கரண்டி அப்படியே நின்றது. அவர் ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். அழவில்லை.

"அது எனக்குத் தெரியாதாய்யா? அந்தப் பொட்டலத்த மடியில வாங்குனவ நான்ல."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பெறகு ஏம்மா இம்புட்டு நாளா என்னைய அவரு பேரச் சொல்லிக் கூப்பிட்டீக?"

"ஒருநா வாய் தவறி வந்துருச்சு. மறுநாளும் கூப்பிட்டுப் பாத்தேன், நீ எறங்கி வந்து உக்காந்துட்ட."

இன்னொரு கரண்டி சோற்றை அவன் தட்டில் வைத்து, நடுவே குழி பறித்துக் குழம்பை ஊற்றினார்.

"அதுக்கு முன்ன, உம் பேரச் சொல்லிக் கூப்பிட்டப்பல்லாம் பசிக்கலன்னுட்டியேய்யா."