தறியிலிருந்து நேரே வந்த போர்வை

"மன்னிச்சுக்கிடுங்க சம்பந்தியம்மா, இதுல பிள்ளையைப் போட முடியாது" என்று போர்வையை மடித்துச் சூடாமணியின் கையிலேயே திரும்ப வைத்துவிட்டாள் மீனாட்சி.

தி.நகர் வீட்டுக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தேக்குத் தொட்டில் பூச்சரம் சுற்றித் தயாராக நின்றது. மகளையும் பேத்தியையும் மகளின் புகுந்த வீட்டில் கொண்டுவந்து விடும் நாள். அப்பா வீட்டுத் தொட்டிலில் குழந்தை முதன்முதலாகப் படுப்பது தன் போர்வைமேல்தான் என்று மயிலாப்பூரில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள் சூடாமணி.

"ஏன், இதுல என்ன குறை?"

"குறையே இல்லை. அதான் சிக்கல். எங்க வழக்கப்படி முதல் தொட்டிலுக்குப் பழைய துணிதான் விரிக்கணும். உடுத்தி உடுத்தி மெத்துன்னு ஆகியிருக்கணும். இது தறியிலேர்ந்து நேரா வந்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னாள்தான். வளைகாப்பின்போதே சொன்னாள். "குழந்தைப் போர்வைக்கு நம்ம கடையிலேர்ந்து பட்டு எடுத்து அனுப்பட்டுமா?" என்று மீனாட்சி ஆசையாகக் கேட்டபோது, "ஐயோ, ஷோரூம் சரக்கெல்லாம் வேண்டாம். காஞ்சிபுரத்துல தனியா தறி போடச் சொல்லியிருக்கேன்" என்று நாலு பேர் நடுவில் மூக்கைச் சுளித்தாள். அந்த ஷோரூமுக்கு ஐந்து மாடி. மீனாட்சி அன்றைக்குச் சிரித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

உண்மையில் தறியும் இல்லை, நெசவும் இல்லை. பீரோவில் மடிப்போடு மடிப்பாக இற்றுக்கொண்டிருந்த பட்டுப்புடவைகளைச் சதுரம் சதுரமாக வெட்டிச் சேர்த்த போர்வை அது. உள்ளே பஞ்சுக்குப் பதில் கணவர் வேதாந்தத்தின் பழைய வேட்டிகள். வெட்டிய விளிம்பெல்லாம் நார்நாராகப் பிரிந்ததில், மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பு முழுக்க ஓரப்பட்டியின் தலையில் விழுந்தது.

பாண்டி பஜாரில் அரக்குப் பட்டு வாங்கி, நீளநீளப் பட்டிகளாக வெட்டி, முன்பக்கம் மெஷினில் ஓட்டி, பின்பக்கம் மடித்துத் தையல் கண்ணுக்குத் தெரியாமல் கையாலேயே முடித்திருந்தாள். நாலு மூலையையும் கல்யாணப் பத்திரிகைக் கவர் மாதிரி மடித்து இஸ்திரி போட்டாள். போர்வையில் புதுசு என்று சொன்னால் அந்த ஓரம் ஒன்றுதான்.

குழந்தை மீனாட்சியின் மடியில் ஒரு புது டவலுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. டவலில் விலைச்சீட்டுகூட இன்னும் தொங்கிற்று. 'என்ன விலைன்னு ஊருக்கெல்லாம் தெரியணுமாக்கும்' என்று வந்ததுமே மனசுக்குள் நொடித்திருந்தாள் சூடாமணி.

"ஒரு தடவை அலசியிருக்கேன்" என்றாள் இப்போது.

"அலசினா பழசாயிடுமா?"

"நான் ஒரு மத்தியானம் அது மேல படுத்துண்டேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மகள் அனன்யா, "அம்மா, விடேன்" என்று பல்லைக் கடித்தாள்.

"பரவாயில்லை சம்பந்தியம்மா, கண்ணாடி அலமாரியில வச்சு அழகு பார்ப்போம்" என்ற மீனாட்சி தன் மகளைக் கூப்பிட்டாள். "ஏ சிந்து, மாடியில என் பழைய வாயில் காட்டன் சேலை ஒண்ணு கிடக்கும், எடுத்தா."

தன் பட்டுக்குப் பதில் வாயில் சேலை! சூடாமணிக்குக் காதுமடல் சுட்டது.

"கொஞ்சம் இருங்கோ. இது... இதுவும் பழசுதான்."

"எனக்காகச் சொல்றீங்க. ஓரத்தைத் தொட்டாலே மொடமொடன்னு இருக்கே!"

"ஓரம் மட்டும்தான் புதுசு. உள்ள எல்லாம் நான் கட்டினது."

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

பூச்சரம் நறுக்க வைத்திருந்த கத்தரிக்கோலைச் சூடாமணி எடுத்தாள். கண் பூத்துப்போகப் போட்ட தையலைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாக அறுத்தாள். மூலை திறந்துகொண்டது. கறுத்துப்போன ஜரிகை தெரிந்தது, பல்லிளிக்கிற நூல் தெரிந்தது, அதற்கும் அடியில் வேட்டி விளிம்பில் அழியாத மையில் சலவைக்குறி தெரிந்தது.

"அட, என் வேஷ்டி!" என்று எட்டிப் பார்த்தார் வேதாந்தம். "ஆத்துல பூரா தேடிண்டிருக்கேன், இங்கயா இருக்கு?"

கூடம் கொல்லென்று சிரித்தது.

"எல்லாமே பழசு" என்றாள் சூடாமணி, தரையைப் பார்த்தபடி. "தறியாவது, காஞ்சிபுரமாவது... எல்லாம் பெருமைக்குச் சொன்னது. என் கூறைப்புடவையைக்கூட வெட்டித்தான் போட்டிருக்கேன். போறுமா?"

"தாராளமா போதும்" என்று எழுந்தாள் மீனாட்சி. பிரிந்த மூலையைப் பதமாக உள்ளே மடக்கிவிட்டுப் போர்வையைத் தொட்டிலில் விரித்தாள். குழந்தையைக் கிடத்தினாள். அது ஒரு கொட்டாவி விட்டு, அரக்குப் பட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தூக்கத்தைத் தொடர்ந்தது.

எல்லோரும் தொட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். சூடாமணிக்கு ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லை. ஆனாலும் மிச்சமிருந்த கௌரவத்தைத் திரட்டிக்கொண்டு மீனாட்சியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"என் மானம் போனா போறது. குழந்தை அதுல படுத்துண்டுட்டா. நல்லவேளை, உங்காத்துல இப்படி ஒரு வழக்கம் இருந்ததோ, நான் பிழைச்சேன்."

மீனாட்சி தொட்டிலை மெல்ல ஆட்டிக்கொண்டே அவள் காதருகே குனிந்தாள்.

"எங்க வீட்ல அப்படி ஒரு வழக்கமே கிடையாது, சம்பந்தியம்மா."