இல்லாத குண்டூசிகள்

டாக்டரின் சின்ன ரப்பர் சுத்தியல் பிடியில் சன்னல் வெயில் மினுக்குகிறது. ஒரு மாதமாகத் தாடைப்பூட்டு வலித்து வாய் திறக்காத தையல்காரர், நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருக்கிறார். "தாடையைத் தளர்த்துங்க, லேசா தட்டிப் பார்க்கணும்." சொல்லச் சொல்ல இன்னும் இறுகுகிறது, காலமெல்லாம் குண்டூசி கவ்விய அந்தத் தாடை. பக்கத்தில் நிற்கும் அவர் மனைவிக்குப் பொறி தட்டுகிறது. கடையில் செய்வதுபோலவே அவர் மோவாய்க்குக் கீழே உள்ளங்கையை ஏந்தி, "துப்புங்க" என்கிறாள். தாடை தொப்பென்று தளர்கிறது. டாக்டர் மோவாயில் விரல் வைத்து அதன்மேல் சுத்தியலால் தட்டியதும், வாய் தானாகத் துள்ளி மூடிக்கொள்கிறது. "அய்யோ, நான் மூடலையே!" "அதுதான் வேணும். நரம்பு நல்லா இருக்கு. கடிச்சு இறுக்குற பழக்கத்தாலதான் வலி, சரியாயிடும்." மனைவி பழக்க தோஷத்தில், குண்டூசி குத்திவிடாதபடி வெறுங்கையைப் பதமாக மடக்கிக்கொண்டு ஊசி டப்பா தேடுகிறாள். அதைப் பார்த்துத் தையல்காரர் கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறார். டாக்டர் பஞ்சுக் கிண்ணத்தை நீட்டுகிறார்: "பார்த்தும்மா, ஒண்ணு கீழே விழுந்துடுச்சு."