கேப்டன் செல்வராணியின் ஒரே கொள்ளை

"இஞ்சின முறுக்கு, பிராங்க்ளின், இன்னும் முறுக்கு! அந்தப் பெட்டி தண்ணியில விழுந்துச்சுன்னா எல்லாம் போச்சு!"

நாட்டுப்படகின் முன்னால் நின்று கத்தினாள் செல்வராணி. முகத்தை மூடிய சிவப்புத் துண்டு, கறுப்புக் கண்ணாடி, இடுப்பில் துப்பாக்கி. காலை வெயிலில் ஜெகதாப்பட்டினம் கடல் தகதகத்தது. அரை மைல் முன்னால் ஒரு விசைப்படகு ஆழத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"இதுக்கு மேல முறுக்குனா இஞ்சின் கழண்டு கையில வந்துரும் கேப்டன்! ஆமா, ஒரே ஒரு ஆளுக்குக் கேப்டனா இருக்கியே, ஒனக்கே சிரிப்பு வரல?"

"துப்பாக்கி இருக்குல்ல? அப்ப கேப்டன்தான்."

"அது புதுக்கோட்டை திருவிழாக் கடையில வாங்குனது. அழுத்துனா பாட்டுப் பாடும்."

"அழுத்த மாட்டேன். நீ ஓட்டு."

மூன்று நாள் முன்பு, விடிகிற நேரத்தில், அந்த விசைப்படகு ஒரு நாட்டுப்படகில் மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. நாட்டுப்படகில் இருந்தவருக்கு ஒரு கால் போனது. 'எங்க போட்டு அன்னைக்கு அந்தப் பக்கமே போகல' என்று அடித்துப் பேசினார் ஓனர். போன வழியெல்லாம் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் பெட்டி ஒன்றுதான் சாட்சி. அதை இன்று ஆழத்தில் போட்டுவிட்டு வரச்சொல்லித் தன் மச்சான் விக்ரமை அனுப்பியிருந்தார். செல்வராணிக்குச் சேதி கிடைத்தது காலையில்தான்.

"எங்கப்பா மூணு நாளா ஒரு வாய் சோறு திங்கலடா" என்றாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. "கண்ண மூடுனா மோதுன சத்தந்தான் கேக்குதாம். கரையில கிழிஞ்ச வலைக்குள்ள கெடந்த பச்சப் புள்ளயத் தூக்கிட்டு வந்து, அதுக்காகக் கல்யாணமே கட்டாம இருந்த மனுசன். அவருக்காக இது கூடச் செய்யலன்னா நான் என்ன மக?"

பிராங்க்ளின் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இஞ்சினை முறுக்கினான்.

"கேப்டன்! அங்க பாரு, போட்டு நிக்குது!"

ஐந்தாறு பேர் போகிற விசைப்படகில் இன்று இரண்டே பேர். கடல் பழகாத பொன்னமராவதிக்காரனான விக்ரம் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு, பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி டிரைவரிடம் கத்திக்கொண்டிருந்தான்.

"இப்பவாய்யா இஞ்சின் நிக்கணும், நாகராசு?"

"டீசல்ல தண்ணி கலந்துருச்சு போல சார்."

"அன்னைக்கு அந்தாளு மேல ஏத்திட்டு நிக்காம ஓட்டுனியே, இன்னைக்கு என்னய்யா? இந்த எடமே போதும். இங்கயே போட்டுர்றேன்!"

அவன் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிய நொடியில் படகு ஆடியது. செல்வராணி தாவி ஏறியிருந்தாள்.

"கைய அசைச்ச, சுட்டுருவேன்!"

விக்ரம் திகைத்தான். பிறகு கண்ணைச் சுருக்கினான். "பொம்மைத் துப்பாக்கி மாதிரில்ல இருக்கு?"

"ஐயோ சார், நெசத் துப்பாக்கி சார்!" நாகராசு தடாலென்று முட்டி போட்டார். "நான் பாத்துருக்கேன், ஒரே குண்டுதான்! குடுத்துருங்க சார், எனக்குச் சாக இஷ்டமில்ல!"

விக்ரம் பெட்டியை மெல்லக் கீழே இறக்கினான். செல்வராணி பெட்டியைப் பிடுங்கினாள். பின்னாலேயே ஏறிவந்த பிராங்க்ளின் பெரிய வலையைத் தூக்கி அவன் மேல் போட்டு, நாலு சுற்றுச் சுற்றி, மீன் கூடைகளுக்கு நடுவே உருட்டிவிட்டான்.

"அடியே, அந்தப் பெட்டியில தங்கமாடி இருக்கு?" வலைக்குள்ளிருந்து அலறினான் விக்ரம்.

"எங்கெங்க மீன் கெடக்கும்னு இருவது வருசத்துப் பாயிண்டு இருக்குய்யா. தங்கமெல்லாம் அப்பறம்!"

"எடுத்துட்டுப் போ, தாராளமா எடுத்துட்டுப் போ! எனக்கு வேலை மிச்சம்! யோவ் நாகராசு, பயந்தாங்கொள்ளி, நீயெல்லாம் ஒரு ஆம்பளையாய்யா?"

செல்வராணி நாகராசுவின் சட்டைக் காலரைப் பிடித்து, டிரைவர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். பிராங்க்ளின் உள்ளே வந்து கயிற்றை நீட்டினான். அவள் அவர் கைகளைப் பின்னால் மடக்கி, தூணோடு சேர்த்துக் கட்டத் தொடங்கினாள். முடிச்சுப் போட வரவில்லை.

வெளியே விக்ரம் திட்டுகிற சத்தம் அடங்கவில்லை. அது அடங்குவதற்குள் நாகராசு கிசுகிசுத்தார்.

"பிராங்க்ளின், கால எடுத்த பெறகு ஒங்கப்பா கண்ணு முழிச்சாராய்யா?"

"காலையில முழிச்சாரு மாமா. 'நாகராசு சாப்பிட்டானா'ன்னு கேட்டாரு."

நாகராசு தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு நிமிர்ந்தார்.

"நேரா போலீஸ் ஸ்டேசன் போங்க. நானும் சாயங்காலம் வந்துர்றேன். நான்தான் மோதுனேன்னு சொன்னத எவனும் நம்பல, பெட்டி சொன்னா நம்புவாங்க. கயித்த இறுக்கிக் கட்டு ஆத்தா, லேசா இருந்தா அவன் கண்டுபுடிச்சுருவான்."

கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே சிவப்புத் துண்டு நனைந்துகொண்டிருந்தது. அவள் முடிச்சை இழுத்து இறுக்கினாள்.

"சரிங்கப்பா. உள்ள போனா ரொம்ப நாள் ஆகுமாப்பா?"